2086 மார்ச் 31 வரை

"வக்கீல் நம்மகிட்டயே இருக்காரு மேடம்,
ஃபீஸ் கூட நாங்களே பாத்துக்கறோம்"
என்றார் பில்டர்.
செக்காலை ரோட்டு அலுவலகத்தில் ஏசி
என் முழங்காலைக் குறிபார்த்து ஊதியது.
விளம்பரத் தாளில் ஆத்தங்குடித் தரை.
அது லிஃப்ட் வாசலுக்கு மட்டும் என்று
அடியில் எறும்பு எழுத்தில் இருந்தது.
எறும்பு எழுத்தைப் படிக்கும் வழக்கம்
டயாலிசிஸ் வார்டில் வந்தது எனக்கு,
பதினேழு வருடம், ஊசிமுனையும் எண்களுமாய்.

பேங்கில் கேட்டேன்.
"எங்க பேனல் வக்கீல் பாத்துட்டாரே."
பார்த்திருப்பார்.
பணம் திரும்பி வருமா என்று பார்த்திருப்பார்.
நான் என்ன ஆவேன் என்று பார்ப்பது
அவர் வேலை இல்லை.

அத்தை மகன் ஒருவரைக் கைகாட்டினான், வாட்ஸப்பில்.
பத்திரம் முழுவதையும் படமெடுத்து அனுப்பினேன்.
கட்டைவிரல் ஒன்று வந்தது.
அறுபத்தெட்டுப் பக்கம். நான்கு நிமிடம்.

தேவகோட்டைக்குப் பஸ் ஏறினேன்.
சப் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்து,
ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
அடைக்கலமேரி, பி.ஏ., பி.எல்.
"ஃபீஸ் எட்டாயிரம்.
வாங்காதீங்கன்னு சொன்னாலும் எட்டாயிரம்தான்."
அந்த இரண்டாவது வாக்கியத்துக்காக
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

தாய்ப்பத்திரம் எங்கே என்றார்.
வில்லங்கம் எத்தனை வருஷத்துக்குப் போட்டீர்கள் என்றார்.
மின்விசிறிக்குப் பயந்த தாள்களின் மேல்
கூழாங்கல் ஒன்றை வைத்துவிட்டுப் படித்தார்.
கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடி நின்று ஓடியது.

"பழைய கிரயப் பத்திரம் பாத்திருக்கீங்களா?
புத்திர பௌத்திர பாரம்பரியமாய்,
சூரிய சந்திரர் உள்ளவரைன்னு எழுதுவாங்க."
பென்சில் ஒரு வரியில் வந்து நின்றது.
"இதுல சூரியனும் இல்ல, சந்திரனும் இல்ல.
2086 மார்ச் 31 இருக்கு."

மண் ஒரு சத்திரத்து அறக்கட்டளையுடையது.
எண்பத்தேழில் எழுதிய தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகை,
முப்பத்தெட்டு ஏற்கெனவே செலவாகிவிட்டது.
எனக்கு விற்கிறார்கள்
இரண்டாம் மாடியில் எண்ணூற்று எழுபது சதுரஅடியும்
மிச்சம் அறுபத்தொரு வருடமும்.
பத்தாண்டுக்கு ஒருமுறை நிலவாடகை ஏறும்.
எவ்வளவு என்று இருக்கவேண்டிய இடத்தில்
'தர்மகர்த்தாக்கள் தீர்மானப்படி' என்றிருந்தது.
விற்பதென்றால் அவர்கள் சம்மதம் வேண்டும்.
சம்மதத்துக்கும் தொகை.

"வயசு?"
"நாற்பத்து நாலு."
இருவரும் சத்தமில்லாமல் கூட்டிப் பார்த்தோம்.
நூற்றைந்து.
"பிள்ளைங்க?"
"இல்ல."
இதே கேள்வியைப் பில்டரும் கேட்டிருந்தார்.
இல்லை என்றதும்
"அப்புறம் என்ன மேடம் கவலை" என்று சிரித்தார்.

அடைக்கலமேரி சிரிக்கவில்லை.
"அப்படின்னா எழுபது வயசுல
இதை வித்துத்தான் உங்களை நீங்க பாத்துக்கணும்.
அன்னிக்கு முப்பத்தஞ்சு வருஷம் மிச்சம் இருக்கும்.
முப்பத்தஞ்சு வருஷத்த நம்பி
வாங்கறவனுக்கு எந்த பேங்க் கடன் தரும்?"

வேண்டாம் என்று சொல்லவில்லை அவர்.
என்ன வாங்குகிறாய் என்று சொன்னார்.
திரும்பும் வழியில் ரஸ்தாவில் கேட் போட்டிருந்தார்கள்.
சரக்கு ரயில் ஒன்று நீண்டு கொண்டே போனது.
பெட்டிகளை எண்ணத் தொடங்கி
முப்பத்தைந்தில் நிறுத்தினேன்.

ஐந்து லட்சம் குறைக்கச் சொன்னேன்.
பில்டர் முகம் புளித்து, மூன்றரை குறைத்தார்.
நிலவாடகைக்கு ஓர் உச்சவரம்பு எழுதித்தர
அறக்கட்டளைக் குமாஸ்தா இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார்,
எழுத்துப்பிழையோடு எழுதினார்,
அடைக்கலமேரி திருப்பி அனுப்பினார்,
மறுபடி எழுதினார்.
ஆவணியில் பதிவு.

குடிவந்த வாரம்
குத்தகை நகலின் பின்பக்கத்தில்
எண்பத்தாறு மார்ச்சில் சாவி வாங்க வரப்போகிறவருக்கு
ஒரு குறிப்பு எழுதி வைத்தேன்:
குளியலறைத் தாழ்ப்பாள் மாட்டிக்கொள்ளும்.
கொஞ்சம் மேலே தூக்கிவிட்டு இழுக்கவும்.